தைத்து மூடிய விடைகள்

1

இந்த மாதத்தோடு நாங்கள் ஓக்லண்டுக்கு வந்து நாலு வருசம் முடிகிறது. வந்த நாளைக் கொண்டாடும் அளவுக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஆனாலும் அன்றைக்கு இவர், அதாவது என் கணவர், வேலையால் வரும்போது ஒரு கேக் வாங்கி வருவார். அதில் முக்கால்வாசியை எங்கள் ஒரே மகள் கௌசி முடித்துவிடுவாள். இந்த முறை கேக்கை வெட்டும்போது எனக்கு இந்த வருசத்து ரஷ்யப் பாடப் புத்தகத்தின் கதை ஞாபகம் வந்தது. ஊரில் பிள்ளைகளைப் படிப்பிக்கிற தாய் தகப்பன்மாருக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். உதவாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று மொழிகள். நாங்கள் இருவரும் கௌசியோடு தமிழில் கதைப்போம். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நானும் இவரும் எங்களுக்குள் ரஷ்ய மொழியில் கதைத்துக்கொள்வோம். நாங்கள் இருவரும் புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கப் போனது கார்கோவுக்கு. அங்கேதான் ஒருவரையொருவர் கண்டோம். குளிரில் வாய் உறைந்து நிற்கிற ஒரு பஸ் தரிப்பில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் வந்து தமிழில் நேரம் கேட்டால் எந்தப் பெண்தான் மயங்காமல் இருப்பாள்!

நாங்கள் படித்த அந்த நாடு இப்போது தேசப்படத்தில் இல்லை. இங்கே வந்த புதிதில் எங்கள் பட்டங்களைப் பதிய ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, கணினிக்கு முன்னால் இருந்த பெண்பிள்ளை, "சோவியத் யூனியன் என்று தட்டினால் ஒன்றும் வருகுதில்லையே" என்று கவலைப்பட்டாள். பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்து உக்ரைன் என்று போட்டுவிட்டாள். அப்படியாக, நான் அங்கே இருந்த காலத்தில் தனி நாடாக இல்லாத ஒரு நாட்டில் பட்டம் பெற்றவளாகி, இப்போது ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இவர் நியூ லின்னில் அலுமினிய யன்னல் செய்யும் இடத்தில் வரைபடம் கீறுகிறார்.

பட்டம் எதற்கு உதவியதோ இல்லையோ, மொழி உதவியது. பிள்ளைக்குத் தெரியக்கூடாத எல்லாவற்றையும் நாங்கள் ரஷ்ய மொழியில் கதைத்தோம். யாருக்கு வருத்தம், ஊரில் எந்த இடத்தில் ஷெல் விழுந்தது, அவள் கேட்கிற சப்பாத்து வாங்குவதா வேண்டாமா, எல்லாம் அவளுடைய தலைக்கு மேலால் போய்வரும். கடைசி ஒரு வருசமாக அப்படிப் போய்வந்த பெரிய விசயம் மெல்பேர்ன். இவருடைய அண்ணர் அங்கே இருக்கிறார். "அங்கை இருந்து என்ன செய்யிறாய், குடும்பத்தோட இஞ்சை வா" என்று கிழமைக்கு ஒருக்கால் டெலிபோனில் பிடுங்குவார். போவதா இருப்பதா என்று நாங்கள் சாப்பாட்டு மேசையில் ரஷ்ய மொழியில் இழுபறிப்படுவோம். கௌசி பக்கத்தில் இருந்து கோழிக்குழம்பைச் சோற்றில் குழைத்துக்கொண்டிருப்பாள்.

2

இந்த வருசம் கௌசி மூன்றாம் ஃபோமுக்குப் போனாள். எங்கள் ஊர்க் கணக்கில் எட்டாம் ஒன்பதாம் வகுப்பு என்று வையுங்கள். அந்த வகுப்பில் பிள்ளைகள் ஒரு பிற மொழி எடுக்கலாம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, யப்பானிய மொழி, ரஷ்ய மொழி மூன்றும் இருந்தன. முதல் இரண்டுக்கும் வகுப்பு நிரம்பி வழிய, ரஷ்ய வகுப்புக்கு ஒரு கைப்பிடிப் பிள்ளைகள்தான். கௌசி அதில் போய்ச் சேர்ந்தாள்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே வந்த பிறகு தமிழில் ஒரு வசனம் முழுதாகச் சொல்லாத பிள்ளை, தாய் தகப்பன் படித்த மொழியைத் தேடிப் போய் எடுத்திருக்கிறாள் என்றால் சும்மாவா? இவர் அண்ணருக்கு, என்னுடைய ஒரு மச்சாளுக்கு, கோயிலில் கண்டவர்களுக்கு என்று எல்லாருக்கும் சொல்லித் தீர்த்தார். "இரத்தத்தில ஊறினது" என்று வேறு சொன்னார்.

இரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை. எங்களைப் பிடிப்பதற்குத்தான் அவள் அந்த வகுப்பில் சேர்ந்தாள். மெல்பேர்ன் எந்த மொழியில் சொன்னாலும் மெல்பேர்ன்தானே! மற்ற எதுவும் விளங்காவிட்டாலும் அந்த ஒரு சொல் மேசையில் திரும்பத் திரும்ப விழுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஊரிலிருந்து கொழும்புக்கும் அங்கிருந்து இங்கேயும் கிளப்பியதுபோல் தன்னை மறுபடியும் கிளப்பிக்கொண்டு போகப்போகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேறு வழி தெரியாமல் அவள் இலக்கணம் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். இது எங்களுக்கு அப்போது தெரியாது. மெத்தப் படித்த இரண்டு பேருக்கும் தெரியாது.

3

ரஷ்ய மொழியைக் கேட்டுப் பழகிவிட்டால் அது சுகம். புத்தகத்தில் படித்தால் சட்டத்துக்கு மேல் சட்டம். ஒவ்வொரு சொல்லும் இடத்துக்கு இடம் தன் வாலை மாற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் பயிற்சிகள் இருந்தன. கடைசிப் பக்கங்களில் எல்லாப் பயிற்சிகளுக்கும் விடைகள் அச்சடித்திருந்தன.

அதைக் கண்டதும் இவருக்கு நெஞ்சிடி வந்ததுபோல் ஆகிவிட்டது. "இஞ்சேரும், இதென்ன கூத்து? கேள்வியையும் குடுத்து விடையையும் குடுத்தால் பிள்ளை எப்பிடிப் படிக்கும்?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் ரியூசன் கொட்டிலில் படித்தவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். விடைப் புத்தகம் என்பது மாஸ்டரின் கையில் மட்டும் இருப்பது. அதை மாணவனின் கையில் கண்டால் அவனுடைய தோல் உரியும்.

"வெட்டி எடுக்கட்டோ?" என்றார்.

"பள்ளிக்கூடத்துப் புத்தகமப்பா. வெட்டினால் காசு கட்டச் சொல்லுவினம்" என்றேன்.

யோசித்தார். பிறகு என் தையல் பெட்டியை எடுத்துவந்து, விடைகள் இருந்த பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் கறுப்பு நூலால் தைத்து மூடிவிட்டார். என் சீலைக்கு ஒரு நாளும் ஃபோல்ஸ் தைத்துத் தராத மனுசன். தையல் என்னவோ அளவாக, ஒரே சீராக இருந்தது. எஞ்சினியர் அல்லவா!

அன்றிலிருந்து விடைகளின் வேலையை இவரே பொறுப்பேற்றார். பின்னேரம் கௌசி பென்சிலால் பயிற்சியை எழுதிக் கொண்டுவருவாள். இவர் பிழையான இடத்தில் விரலை வைப்பார். அவள் அழித்துவிட்டு இன்னொன்று எழுதுவாள். அதுவும் பிழை என்றால் விரல் நகராது. விரல் நகரும்வரை அவள் எழுதிப் பார்ப்பாள். பிறகு எல்லாவற்றையும் பேனாவால் வேறு தாளில் துப்பரவாகப் பிரதி பண்ணிக் கொடுப்பாள். நாங்களும் அப்படித்தானே வளர்ந்தோம். பிழை என்றால் ஆட்கள் வருமுன் கூட்டி அள்ளவேண்டிய குப்பை. வீட்டுப்பாடம் எல்லாம் முழுப் புள்ளியோடு திரும்பி வந்தது. இவர் அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

வகுப்பில் வைத்த சோதனைகளில் பாதிக்குப் பாதி பிழை. அந்தத் தாள்களை மட்டும் கௌசி எங்களுக்குக் காட்டவில்லை.

4

ஒரு புதன்கிழமை ரஷ்ய மொழி ஆசிரியை மிஸிஸ் டன் டெலிபோன் எடுத்தார். "பயப்பட ஒன்றும் இல்லை, சும்மா ஒருக்கால் வந்து கதைத்துவிட்டுப் போங்கள்" என்றார். ஊரில் தாய் தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் பிள்ளை மதில் பாய்ந்திருக்க வேண்டும், அல்லது யாருடைய மண்டையையாவது உடைத்திருக்க வேண்டும். ஆகவே நாங்கள் நன்றாகப் பயந்துகொண்டே போனோம். இவர் வேலைக்கான நேர்முகத்துக்குப் போட்ட அதே கழுத்துப்பட்டியைப் போட்டார். மிஸிஸ் டன் அரைக் காற்சட்டையும் செருப்புமாக எங்களை வரவேற்றார். அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கௌசி ஒரு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மேசையில் ஒரு பக்கம் வீட்டுப்பாடங்கள், மறுபக்கம் சோதனைத் தாள்கள். "வீட்டில் எழுதுகிற கௌசியும் வகுப்பில் எழுதுகிற கௌசியும் இரண்டு வேறு பிள்ளைகள்போல் இருக்கிறார்கள்" என்றார் மிஸிஸ் டன். பிறகு அவளைப் பார்த்து மெல்லக் கேட்டார். "எழுதும்போது பின்பக்கம் பார்க்கிறாயா? பார்த்தாலும் நான் கோபிக்க மாட்டேன்."

கௌசியின் முகம் சிவந்தது. அவள் வாய் திறக்குமுன் இவர் எழும்பிவிட்டார். "என் மகள் விடையைப் பார்க்கவே மாட்டாள்! பார்க்கவும் முடியாது!" என்று ஆங்கிலத்தில் முழங்கி, அவளுடைய பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார்.

மிஸிஸ் டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலைத் தடவிப் பார்த்தார். "இதைத் தைத்தது யார்?"

"நான்தான்."

"மிக நேர்த்தியாக இருக்கிறது" என்றார். சிரிக்கவில்லை, அதற்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். "அப்படியானால் இவளுடைய பிழைகள் எங்கே?"

"நான் எல்லாவற்றையும் திருத்தித்தான் அனுப்புவேன். பிழையோடு ஒன்றும் வராது."

"ஓ! அப்படியென்றால் இவ்வளவு நாளும் நான் உங்களுக்குத்தான் முழுப் புள்ளி போட்டிருக்கிறேன்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

மிஸிஸ் டன் மேசை இலாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, இவரிடம் அனுமதி கேட்டு, நூலை வெட்டினார். அந்த விடைகள் ஆசிரியருக்கு அல்ல, பிள்ளைக்குத்தான் அச்சடித்தவை என்று விளங்கப்படுத்தினார். பயிற்சியை முதலில் பேனாவால், புத்தகத்தின் பின்பக்கம் போகாமல், முழுதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. முடித்த பிறகுதான் விடையைத் திறக்க வேண்டும். பிழையை அழிக்காமல் பக்கத்தில் பச்சை மையால் சரியானதை எழுத வேண்டும். ஏன் பிழை என்று பாடத்தைப் புரட்டி, அந்தச் சட்டம் இருக்கிற பக்கத்தையும் எழுத வேண்டும். அடுத்த நாள் பிழைத்தவற்றை மட்டும் மறுபடியும் செய்ய வேண்டும். "எனக்கு இவளுடைய பிழைகள் வேண்டும். அவை இல்லாமல் எதைப் படிப்பிப்பது?" என்றார்.

கடைசியாக இன்னொன்றும் சொன்னார். வருடக் கடைசியில் ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாதவர்களை அடுத்த வருசம் ரஷ்ய வகுப்பில் வைத்திருக்க முடியாது, வேறு பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"மாறினால் மாறட்டும், பிள்ளைக்குக் கஷ்டம் என்றால்" என்று நான் சொல்லத் தொடங்கினேன். மூலையிலிருந்து கௌசி, "நோ!" என்றாள். கண்ணில் தண்ணீர்.

மிஸிஸ் டன் எங்களைப் பார்த்தார். "முதல் நாள் எல்லாரையும் கேட்டேன், ஏன் ரஷ்ய மொழி எடுத்தீர்கள் என்று. ஒருவன் விண்வெளிக்குப் போகவேண்டும் என்றான். உங்கள் மகள் சொன்னாள், என் அம்மாவும் அப்பாவும் எல்லா முடிவையும் அந்த மொழியில்தான் எடுக்கிறார்கள் என்று."

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில் கடவையில் நிற்கும்போது இவர் என் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். பின்சீட்டில் கௌசி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை ஒரு வருசமாக எங்களுடைய வாயையே பார்த்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது.

5

டெய்ரி என்று இங்கே சொல்கிற தெருமுனைக் கடையில் பச்சைப் பேனா வாங்கினோம். முதல் நாள் கௌசியின் தாள் முழுக்கக் கீரைப் பாத்திபோல் பச்சை. இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல் தானாக மேசைக்குப் போனது. "இஞ்சாருங்கோ, போய்க் காரைக் கழுவுங்கோ" என்று அனுப்பிவைத்தேன். சோதனைவரை இருந்த இரண்டு மாதமும் எங்கள் கார் பளபளவென்று இருந்ததற்குக் காரணம் ரஷ்ய இலக்கணம்தான்.

அவளுக்கும் அது சுலபமாக வரவில்லை. பிழையை அப்படியே விட்டுவைப்பது அவளுக்கு மானப் பிரச்சினை. ஒரு முறை நாலு விடையை முன்கூட்டியே பார்த்து எழுதிவிட்டு, பிறகு தானே அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். இன்னொரு நாள் இவரிடம் வந்து, இந்த இடத்தில் ஏன் இப்படி வருகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்பிடித்தான் சொல்லுறது" என்றார் இவர்.

"ஆனால் ஏன்?"

"ஏனெண்டு கேட்டால்… அப்பிடித்தான் பிள்ளை சொல்லுவினம்."

"அப்படியென்றால் அப்பாவும் புத்தகத்தின் பின்பக்கமும் ஒன்றுதான்" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு, அவளே பாடத்தைப் புரட்டிச் சட்டத்தைத் தேடினாள். இவர் என்னைப் பார்த்தார். நான் பருப்பைக் கிளறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பின்னேரம் ஆறாம் கேள்வியிலிருந்து அவள் எழுதியது எல்லாம் பிழை என்று வந்தது. பேனாவைத் திறந்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "புத்தகம் பிழை" என்றாள்.

"அச்சடிச்ச புத்தகம் பிழை விடுமே? நீதான் எங்கையோ கோட்டை விட்டிருக்கிறாய்" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் விடவில்லை. அடிமட்டத்தை எடுத்துவந்து கேள்விகளையும் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவரை வாசிக்க வைத்தாள். ஆறாம் கேள்விக்கான விடையை அச்சடிக்க மறந்திருந்தார்கள். ஏழாவதன் விடை ஆறாவதன் இடத்தில் நின்றது, எட்டாவது ஏழாவதன் இடத்தில், அப்படியே போய்க் கடைசிக் கேள்விக்கு விடையே இல்லை. அவள் எழுதியவற்றில் ஒன்றுதான் உண்மையில் பிழை. அந்த மொழியிலேயே படித்து, அந்த மொழியிலேயே காதலித்த மனுசன், தன் காதில் சரியாக விழுந்ததை விட்டுவிட்டு அச்சில் இருந்ததை நம்பப் பார்த்தார். அடுத்த நாள் மிஸிஸ் டன் முழு வகுப்பையும் அந்தப் பக்கத்தைத் திருத்த வைத்தாராம். கௌசி அதைச் சாப்பிடும்போது இரண்டு தரம் சொன்னாள்.

ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். விடையைப் பிள்ளையிடமிருந்து ஒளிக்கவும் வேண்டாம், விடையாக நாங்களே முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். முதலில் தானாகச் செய்து பார்த்த பிள்ளைக்குத்தான் விடையோடு சண்டை பிடிக்கத் தெரியும். எங்கள் காலத்தில் எங்களை ஒருவரும் சண்டை பிடிக்க விடவில்லை.

6

அந்த நாட்களில் நாங்கள் மெல்பேர்னைப் பற்றி எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. வெட்கம்தான். ரஷ்ய மொழியில் கதைக்க ஒரு மாதிரி இருந்தது, தமிழில் கதைக்க எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அண்ணர் விடவில்லை. தன் கொம்பனியில் இவருக்கு ஓர் இடம் பார்த்திருப்பதாகவும், ஜனவரிக்குள் வந்தால்தான் கௌசிக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்கலாம் என்றும் நெருக்கினார்.

சோதனை வந்தது. கௌசி தேறிவிட்டாள். ஓகோ என்ற புள்ளி இல்லை, நடுத்தரம்தான். ஆனால் அடுத்த வருசமும் வகுப்பில் அவளுக்கு இடம் உண்டு. தாளின் அடியில் மிஸிஸ் டன், "நல்ல பிழைகள், எல்லாம் புதியவை" என்று எழுதியிருந்தார். அதை இவர் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார், பிழைகள் வெளியே தெரிய.

அடுத்த வருசம் இந்த ஊரில் இருந்தால்தானே அந்த இடம். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தோம். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்தபடி ரஷ்ய மொழியில் பேசத் தொடங்கினார். வழக்கமாக நாங்கள் கதைக்கிற வேகத்தில் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, பாடப் புத்தகத்தில் வருகிற ஆட்கள் கதைப்பதுபோல, முழு வசனமாக.

"அண்ணா இன்று டெலிபோன் எடுத்தார். ஜனவரியில் மெல்பேர்னுக்கு வா என்கிறார். அங்கே எனக்கு வேலை இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?"

முகம் என் பக்கம் இருந்தது. சொற்கள் என்னிடம் வரவில்லை என்று எனக்கு விளங்கியது.

கௌசியின் கை சோற்றில் நின்றுவிட்டது. உதடு அசைந்தது, மனதுக்குள் சொற்களின் வாலை மாற்றி மாற்றிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு ரஷ்ய மொழியில் சொன்னாள்: "நானும் இந்த வீட்டில் வாழ்கிறேன். என்னைக் கேளுங்கள்." அந்தச் சிறிய இரண்டு வசனத்துக்குள் மூன்று பிழை. இவருடைய விரல் மேசையில் இருந்தது. அது அசையவில்லை.

"சரி. கேட்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?" என்றார், அதே மொழியில், அதே நிதானத்தில்.

அவள் தொடங்கினாள். நாலு சொல்லுக்குமேல் போகவில்லை. இனி ஆங்கிலத்துக்குத் தாவுவாள் என்று நான் நினைத்தேன். தாவவில்லை. ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவள் தமிழுக்கு வந்தாள்.

"மெல்பேர்ன் கூடாது எண்டு இல்லை அப்பா. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சுப்போட்டுத்தான் எனக்குச் சொல்லுறியள். கொழும்புக்குப் போகேக்கையும் அப்பிடி. இஞ்சை வரேக்கையும் அப்பிடி. நான் ஒரு ஃபிரெண்டுக்கும் பை சொல்லேல்லை. எனக்கு ஒருத்தரும் கேக்கேல்லை."

'எனக்கு' அல்ல, 'என்னை' என்று வரவேண்டும். நாங்கள் இருவரும் அதைத் திருத்தவில்லை. அவள் இன்னும் நிறையச் சொன்னாள், தடக்கித் தடக்கி, சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டி. சோறு மூன்று சாப்பாட்டுக் கோப்பையிலும் ஆறிப்போனது. இவ்வளவு தமிழ் அவளிடம் இன்னும் மிஞ்சியிருந்ததே எங்களுக்குத் தெரியாது.

கோப்பைகளை எடுக்கும்போது டெலிபோன் அடித்தது. அண்ணர்தான். "என்ன, முடிவெடுத்திட்டியே?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"இல்லை அண்ணை, இண்டைக்குத்தான் கதைக்கத் தொடங்கியிருக்கிறம்" என்றார் இவர். கௌசியைப் பார்த்தார். "மூண்டு பேரும்."